நாலாம் பொத்தான்

என் தம்பி மனைவி நாய்களுக்கு மழைக்கோட்டு தைத்து விற்கிறாள். இதைச் சொன்னவுடன் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் கைப்பேசியை எடுத்துத் தங்கள் நாயின் படத்தைக் காட்டுவார்கள். நான் முதல் கட்சியிலிருந்து இரண்டாம் கட்சிக்குத் தாவியவள், அதுவும் ஒரு நாய்கூட வளர்க்காமல். நாத்தனார் என்றால் நாலு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நானும் என்னால் ஆன மட்டும் முயன்றேன். தேடி அலுத்துப்போய், கடைசியில் அவளுடைய பார்சல்களுக்கு டேப் ஒட்ட உட்கார்ந்துவிட்டேன்.

அவளை வீட்டில் எல்லோரும் 'காலர்' என்றுதான் கூப்பிடுகிறோம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வேலை பார்த்தது சீருடைச் சட்டை தைக்கும் ஒரு பெரிய தையல் கூடத்தில். அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருவர் கை, ஒருவர் பாக்கெட், ஒருவர் பொத்தான் பட்டி. எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். மேற்பார்வையாளர் காலையில் வந்து, இன்றைக்கு இரண்டு கை வரவில்லை என்று சொன்னால் யாரும் திடுக்கிட மாட்டார்களாம். இவள் காலர். லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பி, அங்கே நடுவழியில் நின்றுபோன லிஃப்டைத் திறக்கப் போனான். கதவு திறந்தால், காலர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து இவள் நிதானமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். உண்மையில் மாட்டிக்கொண்டது யார் என்று அவனுக்கு அப்புறம்தான் புரிந்தது. கல்யாணமான பிறகும் அவன் காலர் என்றே கூப்பிட, அந்தப் பெயர் எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அவள் தைத்த காலர்கள் அடுத்த மேசைக்குப் போகும். அங்கே ஒருவர் அதன் உட்பக்கத்தில் லேபிள் வைத்துத் தைப்பார். ஒரு வாரம் ஏதோ பள்ளிக்கூடத்தின் பெயர், அடுத்த வாரம் ஏதோ ஓட்டலின் பெயர், அதற்கடுத்து ஒரு பெரிய கடை. லேபிள்தான் மாறும், காலர் அதே காலர். ஒருநாள் மாடியில் துணி உலர்த்தும்போது, பெரிய குறையாக இல்லாமல் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அண்ணி, நான் ஒரு முழுச் சட்டை தெச்சதே இல்ல. என் பேருல ஒரு துணி வெளிய போனதும் இல்ல."

யார் உன் கையைப் பிடித்தார்கள், தைக்க வேண்டியதுதானே என்று வழக்கம்போல் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். ஆனால் அந்தக் கூடத்தை இழுத்து மூடியபோது, மற்றவர்கள் எல்லாம் பாத்திரம் பண்டம் வாங்குகிற மாதிரி ஏலத்தில் கிடைத்ததை வாங்க, இவள் ஒரு தையல் மெஷினை வாங்கி வந்தாள். கூடவே சாமான் அறைக்காரர் சும்மா தள்ளிவிட்ட ஒரு மூட்டைப் பொத்தான். பல வருஷச் சட்டைகளில் மிஞ்சிய பொத்தான்கள். ஒரே மாதிரி மூன்று தேடி எடுத்துவிடலாம். நாலாவது மட்டும் கிடைக்காது.

எதிர் வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவர் நாயின் பெயர் தலைவர். வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எந்த வேலையும் செய்யாததால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். மழை பெய்தால் தலைவர் வெளியே காலெடுத்து வைக்க மாட்டார். டாக்டர் நாய்க்குக் குடை பிடித்து, தான் தொப்பலாக நனைந்து நடப்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த காலர், அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நீல நிறத்தில் தண்ணீர் இறங்காத துணி, உள்ளே மெத்தென்று சட்டைத் துணி, வயிற்றுக்குக் கீழே நாலு பொத்தான். மூன்று வெள்ளை கிடைத்தது. நாலாவதற்கு மூட்டையைக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்காமல் ஒரு சிவப்பை வைத்துத் தைத்தாள். கொடுக்கும்போது டாக்டரிடம் அந்தப் பொத்தானுக்காக மன்னிப்புக் கேட்டாள். அவர் பொத்தானையா பார்த்தார்? தலைவர் மழையில் நிமிர்ந்து நடந்து போவதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

அதுதான் ஆரம்பம். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக முழுசாகத் தைத்த உடுப்பு ஒரு குண்டு நாய்க்கு. இதைச் சொல்லி நான் எத்தனை தடவை கேலி செய்தாலும் அவளுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும்.

ஆர்டர்கள் வரத் தொடங்கின. எல்லாக் கோட்டிலும் மூன்று பொத்தான் ஒரு ஜாதி, நாலாவது வேறு ஜாதி. அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் ஒவ்வொரு பார்சலிலும் தன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தாள்: 'நாலாவது பொத்தான் மட்டும் வேறாக இருக்கும். மன்னிக்கவும்.' தன் குறையைத் தானே விளக்குப் போட்டுக் காட்டுகிறவள் உலகத்தில் இவள் ஒருத்திதான் என்று திட்டினேன். கேட்கவில்லை. தொழில் கொஞ்சம் நிமிர்ந்ததும் நாலும் ஒரே மாதிரியான புதுப் பொத்தான் வாங்க வேண்டும், கழுத்தில் தன் சொந்த லேபிள் தைக்க வேண்டும். இந்த இரண்டும்தான் அவள் ஆசை.

லேபிள் என்றால் பெயர் வேண்டும். பெயர் வைக்கும் பொறுப்பைத் தம்பி தானாக எடுத்துக்கொண்டான். அவன் கொள்கை, காதில் விழுந்த உடனே என்ன சரக்கு என்று தெரிந்துவிட வேண்டும் என்பது. அப்படி அவன் மூளையைக் கசக்கி வைத்த பெயர் 'நாய் மழைக்கோட்டு'. இதற்கு மூளையையே கசக்கியிருக்க வேண்டாம் என்று சொன்னேன். அவன் காதில் வாங்காமல் அந்தப் பெயரில் கடை உரிமம் எடுத்தான், இணைய முகவரி வாங்கினான், பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் கடை திறந்தான். மூன்று பூட்டு போட்டாச்சு, இனி எவனும் நுழைய முடியாது என்று ஸ்கூட்டரின் பின்னால்கூடப் பெயரை எழுதிக்கொண்டு திரிந்தான். லேபிளுக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்று காலர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மழைக்காலம் வந்தது.

அந்த மழையோடு இன்னொரு கடையும் வந்தது. அதே தளம், அதே பெயர், 'நாய் மழைக்கோட்டு'. அதே நீலத் துணி போலப் படத்தில் தெரிந்தது, விலை பாதி. வாங்கியவர்கள் கையில் வந்தது வெங்காயத் தோல் மாதிரி துணி. தையல் விட்டது, தண்ணீர் இறங்கியது, நாய்கள் நனைந்தன. நனைந்த நாய்க்காரர்கள் கோபத்தோடு பெயரைத் தேடி வந்து எங்கள் கடையில் திட்டினார்கள். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பகலில் ஒரு டயர் கடையில் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் யாரோ தைத்த கோட்டுக்கு நான் ஏச்சு வாங்கினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். எங்கள் கடையின் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

மாடியில் காலருடைய மெஷின் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் மாடிக்குப் போனால், மெஷினை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"திரும்பவும் காலர் தைக்கவே போயிடலாம்னு இருக்கு அண்ணி. அங்க என் பேரு யாருக்கும் தெரியாது. அதனால கெட்டும் போகாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடைக்காரனை நேரில் பார்த்திருந்தால் குரைக்காமலே கடித்திருப்பேன்.

தம்பி விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதினான். அவர்கள் மிக மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் டிரேட்மார்க் பதிவு எண் என்ன? இவன் கடை உரிம எண்ணை அனுப்பினான். அது இல்லை என்றார்கள். இணைய முகவரி வாங்கிய ரசீதை அனுப்பினான். அதுவும் இல்லை என்றார்கள். விட்டால் தன் இரத்த வகையையும் அனுப்பியிருப்பான். நான்தான் பிடித்து இழுத்து, மூன்று பேருமாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம்.

சாவி வெட்டும் கடைக்கு மேல் மாடியில் வக்கீலம்மாவின் அலுவலகம். கீழே சாவி தேய்க்கும் சத்தம், மேலே ஃபைல்களின் மேல் ஒரு பூனை. வக்கீலம்மா எங்கள் மூவரையும்விட வயதில் சின்னவர். நாய்கள் என்றால் தனக்கு ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தம்பி தன் மூன்று பூட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தான். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடை உரிமம் வியாபாரம் செய்ய அனுமதி, அவ்வளவுதான். இணைய முகவரி வெறும் முகவரி. தெருவில் ஒரு கதவு எண் மாதிரி. தளத்தில் திறந்த கடை அவர்கள் இடத்தில் போட்ட மேசை. பெயர் உங்களுடையது என்று இவை எதுவும் சொல்லவில்லை. அதற்கு டிரேட்மார்க் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும்.

சரி, இப்போதே பதிவு செய்துவிடுங்கள் என்று தம்பி பேனாவை எடுத்தான். வக்கீலம்மா தலையை ஆட்டினார்.

"இந்தப் பேரு யாருக்குமே கிடைக்காது சார். ஒருத்தர் தக்காளி விக்கிறாரு. கடைக்குப் பேரு 'தக்காளி'. அத அவருக்கே எழுதிக் குடுத்துட்டா, மத்தவங்க தங்களோட தக்காளிய என்னன்னு சொல்லி விப்பாங்க?"

தம்பி விடவில்லை. அப்படியானால் நாய்க் கோட்டுக்குத் தக்காளி என்று பெயர் வைத்தால் கிடைக்குமா என்று கேட்டான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். ஆனால் வக்கீலம்மா சிரிக்காமல், சட்டப்படி பார்த்தால் அது மிக நல்ல பெயர் என்றார். சரக்கு என்ன என்று சொல்லும் பெயர் எல்லோருக்கும் பொது. சரக்கு யாருடையது என்று சொல்லும் பெயர்தான் சொந்தமாகும். தம்பி எதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தானோ அதுவேதான் கோளாறு. அவன் முகம், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆகிவிட்டது.

பெயர் தேட அவர் சில வழிகள் சொன்னார். சரக்கை வருணிக்கக் கூடாது. அதே வகைச் சரக்கில் வேறு யாரும் அந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாது. எழுத்து மாறினாலும் காதில் ஒரே மாதிரி விழக் கூடாது. பெட்டி, லேபிள் எதையும் அச்சடிப்பதற்கு முன்னால் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எழுந்திருக்கும் நேரத்தில் காலரைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"உங்க கோட்டுதான்னு வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியுது? அதக் கண்டுபிடிங்க. பேரு அங்கதான் இருக்கும்."

வாங்குகிறவர்களுக்கு அது தெரியாததால்தானே இத்தனை ஏச்சு என்று காலர் படியிறங்கும்போது முணுமுணுத்தாள்.

அந்த வாரம் எங்கள் சாப்பாட்டு மேசை பெயர் சூட்டும் சபையானது. தம்பி 'வால்' என்றான். தேடினால் ஏற்கெனவே ஒரு கூட்டமே அந்த வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 'தலைவர்' என்றேன் நான். நாய்த் தீனி விற்கும் ஒருவர் முந்திக்கொண்டிருந்தார். 'நனையாத வால்' என்று தம்பி ஒட்டுப்போட்டுப் பார்த்தான்; அது சரக்கை வருணிக்கிறது என்று நானே வக்கீலம்மா குரலில் தள்ளுபடி செய்தேன். 'காலர்' என்று வைத்துவிடலாம் என்றான். நாய்களுக்குக் கழுத்துப்பட்டை விற்கிறோம் என்று நினைப்பார்கள், அதற்கும் காலர் என்றுதான் பெயர். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

காலர் இதில் கலந்துகொள்ளவே இல்லை. பெயர் வருகிறபோது வரட்டும், சரக்கையாவது சுத்தமாக்குவோம் என்று முடிவு செய்து, தன் இரண்டு ஆசைகளில் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டாள். புதுப் பொத்தான்கள் வந்து இறங்கின. கருநீலம், பளபளப்பு, அத்தனையும் ஒரே அச்சு. நாலும் ஒன்றுபோல் இருந்த முதல் கோட்டைத் தூக்கிக் காட்டியபோது அவள் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு வெளிச்சம் பார்த்தேன். இனி மன்னிப்புச் சீட்டு வேண்டாம் என்று மீதிச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டாள். நானும் சந்தோஷமாக டேப் ஒட்டி அந்தப் பார்சல்களை அனுப்பி வைத்தேன்.

போன வேகத்தில் செய்திகள் வந்தன. முதல் செய்தியை நான் இரண்டு தடவை படித்தேன். 'இது போலி. என் பழைய கோட்டில் நாலாவது பொத்தான் மஞ்சள். இதில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தாருங்கள்.' அடுத்தது ஒரு பெரியவர்: 'மன்னிப்புச் சீட்டு எங்கே? அது இல்லாமல் வந்தால் ஏமாற்று என்று என் மகள் சொன்னாள்.' மூன்றாவது ஒரு பெண்மணி, எங்களிடமே எங்களைப் பற்றி எச்சரித்திருந்தார். 'நாலாம் பொத்தான் வைப்பவர் நல்லவர். அவர் பெயரைக் கெடுக்காதீர்கள்.' இன்னும் கீழே போனால், வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு நீண்டு கிடந்தது. நாங்கள் ஏச்சுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த நாளெல்லாம், எங்களை அறிந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்: அதே பெயரில் இரண்டு கடை இருக்கிறது, நாலாம் பொத்தானைப் பார்த்து வாங்குங்கள். தன் நாய்க்கு வந்த பச்சைப் பொத்தானை ஒருவர் படம் எடுத்துப் போட, கீழே ஆளாளுக்குத் தங்கள் நாலாம் பொத்தானைக் காட்டியிருந்தார்கள்.

நகல் எடுத்த கடைக்காரன் பெயரை எடுத்தான், நீலத்தை எடுத்தான், படத்தைக்கூட எடுத்தான். அந்தப் பொத்தானை மட்டும் தப்பு என்று நினைத்து விட்டுவிட்டான். நாங்களும் அதையே நினைத்து அதைத் திருத்தி, எங்கள் சரக்குக்கு நாங்களே போலி ஆகிவிட்டோம். இப்படி ஒரு கூத்து எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

மாடிக்கு ஓடி, எல்லாச் செய்திகளையும் காலருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். திட்டு வருகிறது என்று நினைத்து முதலில் கையைப் பிசைந்தாள். பாதியில் புரிந்துவிட்டது. மெஷின் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்கு நடுவே கண்ணீரும் கொட்டியது.

"நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணி. எனக்குத்தான் தெரியல."

நான் என் பங்குக்கு, கிழித்துப்போட்ட மன்னிப்புச் சீட்டுகளை இனி யார் உட்கார்ந்து எழுதுவது என்று அதட்டினேன்.

வக்கீலம்மா எங்களைப் பார்த்ததும், பெயர் கிடைத்துவிட்டது போலிருக்கிறதே என்றார். 'நாலாம் பொத்தான்' என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பூனை எழுந்து போய்விட்டது. அவர் பதிவேட்டில் தேடினார். தம்பிக்கு ஒரு பயம்: லிஃப்டுக்குள் நாலாம் பொத்தான் என்றால் நாலாவது மாடி, ஏதாவது லிஃப்ட் கம்பெனி இந்தப் பெயரை வைத்திருந்தால்? அப்படி வைத்திருந்தாலும் பரவாயில்லை, லிஃப்டும் நாய்க் கோட்டும் வேறு வேறு வகை, யாரும் குழம்ப மாட்டார்கள் என்றார் அவர். நாய் உடுப்பு வகையில் அந்தப் பெயரோ அதுபோல் ஒலிக்கும் பெயரோ எதுவும் இல்லை. எந்தெந்தச் சரக்குக்குப் பதிவு வேண்டும் என்று கேட்டபோது தம்பிக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. நாய் உடுப்பில் ஆரம்பித்து, மனிதச் சட்டை, குடை, கூடாரம் என்று விமானம் வரைக்கும் போகப் பார்த்தான். உண்மையில் விற்பதற்கும் விற்கப்போவதற்கும் மட்டும் கேளுங்கள், மனிதச் சட்டை என்றால் அது வேறு வகை, அதற்குத் தனிக் கட்டணம் என்றார். நாயோடு நிறுத்திக்கொண்டோம்.

கடைசியில் அவர் இன்னொன்று கேட்டார். உரிமையாளர் யார்? யார் பெயரில் பதிவாகிறதோ பெயர் அவருடையதுதான், அப்புறம் மாற்றுவது தலைவலி என்று எச்சரித்தார். கடை உரிமம் தம்பி பெயரில் இருந்தது. இணைய முகவரியும் அவன் பெயரில்தான். காலர் தன் விரல் நுனியிலிருந்த ஊசித் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தம்பியைக் கிள்ளக் கையை நீட்டினேன். தேவைப்படவில்லை.

"நான் வெச்ச பேரு நிக்கல மேடம். பொத்தான் அவளோடது. அவ பேருலயே எழுதுங்க."

என் தம்பியை நான் வாழ்நாளில் அதிகம் பாராட்டியதில்லை. அன்றைக்கும் வாய்விட்டுப் பாராட்டவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் அவனுக்குப் பிடித்த கேக் வாங்கிக் கொடுத்தேன், அவனுக்குப் புரிந்திருக்கும்.

விண்ணப்பம் போனது. கேட்ட உடனே கொடுத்துவிடுகிற சமாசாரம் இல்லை இது. அதிகாரி ஒருவர் படித்துப் பார்ப்பார். பிறகு அரசு இதழில் வெளியிடுவார்கள். அதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்ல ஒரு கெடு கொடுப்பார்கள். அதுவரைக்கும் பெயருக்குப் பக்கத்தில் டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் மட்டும் போடவே கூடாது, பதிவாகாமல் அதைப் போடுவது பொய் சொல்வதற்குச் சமம் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொன்னார். தம்பி ஸ்கூட்டரில் 'நாலாம் பொத்தான் டி.எம்.' என்று மாற்றி எழுதினான். சிக்னலில் நிற்கும்போது ஆட்கள் அவனிடம் லிஃப்ட் சரிபார்க்க வருவீர்களா என்று கேட்டார்கள். அவன் வேலையும் அதுதான் என்பதால் வருவேன் என்றான்.

காலர் புதுப் பொத்தான்களை வீணாக்கவில்லை. மூன்று கருநீலம், நாலாவது மூட்டையிலிருந்து. முன்பு கிடைத்ததைப் போட்டவள், இப்போது நாயின் படத்தை வாங்கிப் பார்த்து அதற்கு ஏற்ற பொத்தானைத் தேடி எடுத்தாள். சோம்பேறி நாய்க்கு ஒரு பெரிய பழுப்பு, துறுதுறுப்பான குட்டிக்கு ஒரு குட்டி ஆரஞ்சு. மூட்டை வற்றத் தொடங்கியதும் பொத்தான் கடைக்குப் போய், ஒன்றுக்கொன்று பொருந்தாத பொத்தானாக ஒரு கிலோ கேட்டாள். எல்லோரும் பொருத்தமாகத்தான் கேட்பார்கள், நீங்கள் முதல் ஆள் என்று கடைக்காரர் தனக்கு இடமடைத்துக்கொண்டிருந்த சரக்கையெல்லாம் மகிழ்ச்சியோடு தள்ளிவிட்டார். மன்னிப்புச் சீட்டையும் அவள் விடவில்லை. 'நாலாவது பொத்தான் மட்டும் வேறாக இருக்கும்' என்ற வரி அப்படியே இருந்தது. 'மன்னிக்கவும்' என்பதை மட்டும் எடுத்துவிட்டாள்.

அந்த நகல் கடைக்காரனுக்கும் மெல்ல விஷயம் எட்டியது. அடுத்த மழைக்கு அவன் கடையின் தலைப்பிலேயே 'நாலாம் பொத்தான்' என்று போட்டு, கோட்டில் ஒரு சிவப்புப் பொத்தானையும் ஒட்டிவிட்டான். தைக்கவில்லை, ஒட்டினான். தம்பி கொதித்தான். இந்தத் தடவை நான் கொதிக்கவில்லை. அந்த வாரம் வக்கீலம்மாவிடமிருந்து பதிவுச் சான்றிதழ் வந்திருந்தது. யாரும் ஆட்சேபம் சொல்லியிருக்கவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர், முழுப் பெயர், காலர் இல்லை. அதைப் படித்த தம்பி, இப்படி ஒருத்தி நம் வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டான். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே போனால் அந்தப் பெயர் அவளுடையதாகவே இருக்குமாம்.

விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதினோம். அவர்கள் அதே மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் டிரேட்மார்க் பதிவு எண் என்ன? தம்பி கைப்பேசியைக் காலரிடம் நீட்டினான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள். நான் பின்னால் நின்று சரிபார்த்தேன், தேவையே இல்லாமல். சில நாளில் அந்தக் கடை காணாமல் போனது. எங்கள் கடையின் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தன. எதிர் வீட்டுத் தலைவர் வாசலிலேயே இருந்தார்; அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்றாலும் டாக்டர் அவருக்கு ஒரு புதுக் கோட்டு ஆர்டர் கொடுத்தார்.

பிறகு லேபிள் வந்தது. சின்னது, வெள்ளைத் துணியில் கருநீல எழுத்து: நாலாம் பொத்தான், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர். காலர் அந்தக் கட்டை நாள் முழுக்கப் பிரிக்கவில்லை. தலைவரின் கோட்டில்தான் முதல் லேபிள் ஏறும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தம்பியின் வேலைச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்து, காலரின் உட்பக்கத்தில் இருந்த பழைய கம்பெனி லேபிளை நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். அந்த இடத்தில் தன் லேபிளை வைத்துத் தைத்தாள். எத்தனை ஆயிரம் காலரில் அடுத்தவர் பெயர் ஏறுவதைப் பார்த்தவள் அவள். அன்றைக்கு அவள் தைத்த தையல் ஒரு நூல்கூடக் கோணவில்லை. முடித்த கையோடு சட்டையின் நாலாவது பொத்தானை வெட்டிவிட்டு, ஒரு சிவப்பை வைத்தாள்.

தம்பி அதைக் கவனிக்காமலே வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டுக்குள் கூட இருந்தவர்கள் எல்லாம் அவன் வயிற்றைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கண்ணாடி முன் நின்று நெஞ்சை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டான். மாற்றித் தரட்டுமா என்று காலர் கேட்டதற்கு, தொடாதே என்றான்.

வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. மனிதச் சட்டைக்கு நாம் பதிவு வாங்கவில்லையே என்றார்.

"பரவால்ல மேடம்," என்றேன். "இது விக்கறதுக்கு இல்ல."